கட்டையால் ஒரு டீசல் எஞ்சின்

இரண்டு மோட்டாரும் ஓடுகிற சத்தம் கேட்டது, ஆனால் எஞ்சின் நின்ற இடத்தை விட்டு அசையவில்லை. சவரிராயன் ரிமோட்டின் திருகை இன்னும் ஒரு புள்ளி கூட்டினார். சத்தம் கூடியது, மூக்குப் பக்கம் லேசாக நடுங்கியது, உள்ளே எங்கோ ஒரு பல்சக்கரம் டக் டக்கென்று பல் தாண்டியது, அவ்வளவுதான். அணைத்துவிட்டு மூக்குக்கண்ணாடியைக் கழற்றிச் சட்டையில் துடைத்தார், கண்ணாடியில் அழுக்கு எதுவும் இல்லை என்று தெரிந்தும். முப்பத்து மூன்று வருஷம் நிஜ டீசல் எஞ்சின் ஓட்டியவருக்கு ஒரு முழ நீளப் பொம்மையை நகர்த்த வரவில்லை. சாப்பாட்டு மேஜையின் பாதியை வட்டத் தண்டவாளம் பிடித்துக்கொண்டிருந்தது. மீதிப் பாதியில் நிறம் பிரித்த பிளாஸ்டிக் பொம்மைக் கட்டைகள் நிறைந்த ஐஸ்கிரீம் டப்பாக்கள், ஊறுகாய் பாட்டில், நீலக் கட்டை டப்பாவுக்கு அடியில் மூலை மட்டும் தெரிகிற ஒரு வெள்ளைத்தாள். தாளில் ‘ஐயா’ என்ற ஒரு சொல்தான் இருந்தது, அதுவும் நேற்று எழுதியது. மணி இரண்டு பத்து. நாலு மணிக்குள் விளக்கக் கடிதத்தை ஆபீசில் கொடுக்க வேண்டும், பைக்கில் போனால் கால்மணி நேரம், மூன்றரைக்குக் கிளம்பினால் போதும், எழுத அரைமணி நேரம், ஆக மூன்று மணிவரை எஞ்சினைப் பார்க்கலாம். இப்படிக் கணக்குப் போட்டு ஓட்டியே பழகிவிட்ட மனிதர். இந்தக் கணக்கில் ஒரு ஓட்டை இருந்தது, என்ன எழுதுவது என்று இன்னும் தெரியாது, ஆனால் அதை அவர் கணக்கில் சேர்க்கவில்லை.

பதினொரு மாதமாகக் கட்டுகிறார். இத்தனை நாளில் இதைக் குழந்தை விளையாட்டு என்று சொல்லாதவர் யாரும் இல்லை, மகள் ஜெனிட்டாவைத் தவிர. சென்னையிலிருந்து மோட்டாரும் பேட்டரிப் பெட்டியும் வாங்கி அனுப்பியதே அவள்தான், ரிட்டயர்மென்டுக்கு முன்கூட்டியே தருகிற பரிசு என்று. நீலக் கட்டை கிடைத்துவிட்டது, பக்கவாட்டில் போகும் வெளிர்மஞ்சள் பட்டைக்குத்தான் திண்டாட்டம். அந்த மஞ்சள் எந்தப் பெட்டியிலும் இல்லாமல் கடைசியில் யாரோ விற்ற பழைய பொம்மை வீட்டின் சுவரைப் பிரித்து எடுக்க வேண்டியிருந்தது. பிறகு சக்கரம். நிஜ எஞ்சினில் அடியில் முன்னும் பின்னும் சக்கரங்களைத் தாங்குகிற சட்டமான போகி ஒவ்வொன்றுக்கும் மூன்று அச்சு, ஆறு சக்கரம். மோட்டாரோடு வந்ததோ நாலு சக்கரம். நாலோடு விட்டுவிடுங்களேன், யாருக்குத் தெரியப்போகிறது என்றாள் மனைவி புஷ்பம். எனக்குத் தெரியுமே என்றார். நடுவில் ஒரு ஜோடி சேர்த்தார், வளைவில் ஏறியதும் எஞ்சின் தடம் புரண்டது. மூன்று சக்கரமும் ஒரே நேர்க்கோட்டில் நிற்கும், தண்டவாளம் வளையும், ஏதாவது ஒன்று விட்டுக்கொடுக்க வேண்டும். நடுச்சக்கரத்தின் விளிம்பை உப்புத்தாளில் தேய்த்து மொட்டையாக்கினார், தண்டவாளத்தை ஒரு மயிரிழை தொடாமல் தூக்கி மாட்டினார். இப்போது அது சும்மா கூடவே வரும், தள்ளிப் பார்த்தால் மற்ற சக்கரங்களோடு அதுவும் உருளுவதுபோலத்தான் தெரியும். அதைக் கண்டுபிடித்த அன்று அவருக்கு நல்ல சந்தோஷம், இரண்டு தோசை கூடுதலாகச் சாப்பிட்டார். அது போன மாதம். அதாவது அந்தக் காலைக்கு முன்னால். அந்தக் காலைக்கு முன்னால், பின்னால் என்று எல்லாமே இப்போது இரண்டாகப் பிரிந்து கிடக்கிறது, அவர் பிரிக்காமலே. புஷ்பத்தின் சேலையும் முன்னால்தான். கடைசி நாள் ஓட்டத்துக்கு எஞ்சினில் வாழைக்கன்று கட்டி, மாலை போட்டு, சந்தனம் பூசி, கூட வேலை செய்தவர்கள் மேளத்தோடு பிளாட்பாரத்தில் நிற்பார்கள். குடும்பத்தோடு இறங்கி நடந்து வரவேண்டும். இன்னும் பதினான்கு மாதம் இருக்கையிலேயே அதற்கென்று மயில்கழுத்து நிறத்தில் ஒன்று எடுத்து வைத்துவிட்டாள். எஞ்சின் நீலத்துக்குப் பக்கத்தில் நின்றால் எடுப்பாக இருக்குமாம். அந்தச் சேலை பீரோவில் அட்டைப்பெட்டி பிரிக்காமல் இருக்கிறது. அதைப் பற்றி மூன்று வாரமாக அவளும் பேசவில்லை, அவரும் பேசவில்லை.

பின் போகியைத் தொட்டுப் பார்த்தார், சூடாக இருந்தது. மோட்டார் வேலை செய்கிறது. முன் போகி, அதுவும் சூடு. வேலை செய்கிறது, செய்துகொண்டே நிற்கிறது. அந்தக் காலையிலும் எல்லாம் வேலை செய்துகொண்டுதான் இருந்தது, பிரேக், ஹாரன், ஹெட்லைட், கண். ஆறு மணி பத்து நிமிடம், நாற்பது காலி வேகன், லேசான பனி, ஆனால் பனியைக் குற்றம் சொல்ல முடியாது, கண்ணாடியை ஒரு தடவை துடைத்தால் போய்விடும் அளவுக்குத்தான் பனி. ஓட்டுபவர்கள் எல்லோரும் வளைவு ஸ்டேஷன் என்று சொல்லுகிற அந்தச் சின்ன ஸ்டேஷனில் உள்ளே நுழைகிற ஹோம் சிக்னல் மஞ்சள். ‘ஹோம் மஞ்சள்’ என்று அவர் கை நீட்டிச் சொன்னார், அசிஸ்டென்ட் கோமதியும் கை நீட்டி ‘ஹோம் மஞ்சள்’ என்றாள். ரூல் அது. சிக்னல் வந்தால் ஒருவர் சத்தமாகச் சொல்ல வேண்டும், மற்றவர் தானும் பார்த்துவிட்டுத் திருப்பிச் சொல்ல வேண்டும். ஒரு கண்ணுக்கு இரண்டு கண் சாட்சி. மஞ்சள் என்றால் அடுத்த சிக்னலில் நிற்கத் தயாராகப் போக வேண்டும், வேகத்தைக் குறைத்தார், அதிலும் குறையில்லை. வெளியே விடுகிற ஸ்டார்ட்டர் சிக்னல் வளைவுக்கு அந்தப்புறம். அந்த வண்டிக்கு அந்த நேரத்தில் வளைவு முடிவதற்குள் ஸ்டார்ட்டர் பச்சைக்கு மாறிவிடும். ஆறு வருஷமாக மாறாத நாளே இல்லை. வளைவில் நிற்கிற புளியமரம் தாண்டும்போதே சொல் வாயில் வந்துவிடும். அன்றும் வந்தது. ‘ஸ்டார்ட்டர் பச்சை’ என்றார். ‘ஸ்டார்ட்டர் பச்சை’ என்றாள் கோமதி. ஸ்டீல் டம்ளர், ஆவி, விளிம்பில் ஒரு துளி. இல்லை, அது வேண்டாம். வளைவு முடிந்தபோது சிவப்பு. அவசர பிரேக். நாற்பது வேகனும் ஒன்றை ஒன்று இடித்துக்கொண்டு வந்து நின்றபோது சிக்னல் கம்பம் பின்னால் இருந்தது. நாற்பத்தாறு மீட்டர் என்று பிறகு டேப் வைத்து அளந்தார்கள். எதிரில் வண்டி இல்லை, ஆள் இல்லை, ஒரு கொக்கு மட்டும் பக்கத்து வாய்க்காலில் நின்றது, அது பறக்கக்கூட இல்லை. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆனால் சிவப்பைத் தாண்டினவனுக்கு வேலை இருக்காது என்பது லைனில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம். அவருக்கு இப்போதும் பயமாக இருந்தது, நடந்ததை நினைத்து இல்லை. வாய் சொன்னபோது கண் என்ன பார்த்துக்கொண்டிருந்தது என்று எவ்வளவு யோசித்தாலும் நினைவுக்கு வராததை நினைத்து.

பழைய எஞ்சின், கேபினுக்குள் பேச்சைப் பதிவு செய்கிற கருவி கிடையாது. ஆகவே விசாரணைத் தாளில் ஏழாவது கேள்வி: சிக்னலை முதலில் சொன்னவர் யார், சொன்னது என்ன, மற்றவர் பார்த்து உறுதி செய்தாரா. இரண்டு பேரும் தனித்தனியாக எழுதித் தர வேண்டும். முந்தாநாள் யூனியன் பரமசிவம் வந்திருந்தார், இதே மேஜையில் உட்கார்ந்து, கட்டைகளைக் கையால் ஒதுக்கிவிட்டு டீ குடித்தார். “அண்ணே, நேராச் சொல்றேன். அந்தப் பொண்ணு முதல்ல பச்சைன்னு சொல்லிச்சு, அத நம்பித்தான் போனேன்னு எழுதிடுங்க. உங்க மேல இருக்கிறது பாதியாயிடும். அதுக்குச் சின்ன வயசு, முதல் தப்பு, எப்படியாவது தப்பிச்சிரும். நீங்க பதினாலு மாசத்துல போறவரு.” டம்ளரை வைத்துவிட்டு, “அதுகிட்ட நானே பேசிட்டேன், ஒண்ணும் பிரச்சினை இல்ல” என்றார். அன்று இரவே கோமதியிடமிருந்து செய்தி வந்தது. ‘நீங்க என்ன எழுதுவீகளோ அதையே நானும் எழுதிருதேன் சார்.’ அதைப் பார்த்தபோது முதலில் வந்தது நிம்மதி. மறைக்க என்ன இருக்கிறது, நிம்மதிதான். பிறகுதான் அந்த வாக்கியம் நெஞ்சில் மாட்டிக்கொண்டது. அவள் மறுபடியும் திருப்பிச் சொல்லத் தயாராக இருக்கிறாள், இந்தத் தடவையும் பார்க்காமல். முழுப்பெயர் சங்கரகோமதி, ஊர் சங்கரன்கோவில் பக்கம், மூன்றாவது முயற்சியில் பரீட்சை பாஸ் செய்தவள். எஞ்சினில் கழிவறை கிடையாது என்பதால் டியூட்டிக்கு முந்தின ராத்திரியே தண்ணீர் குடிப்பதை நிறுத்திவிடுகிறவள், அவருக்கு மட்டும் ஃபிளாஸ்கில் சுக்குக் காப்பி கொண்டுவருகிறவள். அவள் முதலில் சொன்னாள் என்று எழுதலாம். நான் சொன்னேன், அவள் திருப்பிச் சொன்னாள் என்று உள்ளதை எழுதலாம், இரண்டு பேர் தலையும் உருளும். அவள் சிவப்பு என்று சரியாகத்தான் சொன்னாள், நான் காதில் வாங்கவில்லை என்று எழுதலாம், அவள் பிழைத்துக்கொள்வாள், தன் கதை அத்தோடு முடியும், மயில்கழுத்துச் சேலையும் பெட்டிக்குள்ளேயே இருக்கும். மூன்று லைன், தடம் பிரிகிற ஒரு பாயின்ட். எந்தப் பக்கம் திருப்பினாலும் வண்டி ஒரு பக்கம் போய்த்தான் ஆக வேண்டும், திருப்பாமலே நின்றுகொண்டிருக்கலாம் என்றால் நாலு மணி விடாது.

எஞ்சினைத் தலைகீழாகக் கவிழ்த்து மடியில் வைத்துக்கொண்டு ரிமோட்டைத் தட்டினார். முன் போகிச் சக்கரங்கள் இந்தப் பக்கம் சுற்றின. பின் போகிச் சக்கரங்கள் அந்தப் பக்கம். ஓ, என்றார். முன் மோட்டார் முன்னே இழுக்கிறது, பின் மோட்டார் பின்னே இழுக்கிறது, இரண்டும் சம பலம், நடுவில் எஞ்சின் நடுங்கிக்கொண்டு நிற்கிறது. ஒன்றை இப்படிப் பார்த்தும் மற்றதை அப்படிப் பார்த்தும் மாட்டியிருக்கிறார். சின்னப் பிள்ளைகூட மாட்டிவிட்டு ஒரு தடவை சுற்றவிட்டுப் பார்த்திருக்கும். அவருக்குத் தோன்றவே இல்லை, ஏனென்றால் நிஜத்தில் இரண்டு டீசலை முதுகோடு முதுகாகக் கோத்து ஓட்டும்போது முன்னால் இருப்பவன் முன்னே என்று லீவரைத் தள்ளினால் போதும், பின்னால் திரும்பி நிற்கிற எஞ்சினுக்கு அது தானாகவே மாறிப் போய்ச் சேரும், நடுவில் போகிற கேபிள் பார்த்துக்கொள்ளும். முப்பத்து மூன்று வருஷமாகக் கேபிள் பார்த்துக்கொண்டது. இங்கே கேபிள் என்பது வெறும் கம்பி, சொன்னதை அப்படியே கொண்டுபோய்க் கொடுக்கும், சொன்னது சரியா என்று கேட்காது. அவருக்குச் சிரிப்பு வந்தது. சரி, பின் போகியைக் கழற்றி அரைவட்டம் திருப்பி மாட்ட வேண்டும், கம்பியை மறுபக்கமாக விட வேண்டும், அதற்கு முன் பின்பக்க விளக்கு ஒன்று கழன்றுவிட்டதே, அந்தச் சின்ன ஒற்றைப்புள்ளிக் கட்டை. சிவப்பு டப்பாவில் விரலை விட்டுத் துழாவினார். ஹோம் மஞ்சள், புளியமரம், ஸ்டீல் டம்ளர், ஒரு துளி. கட்டை அகப்பட்டது, விரல்நுனியில் பிடித்து வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார், வாய் தன்பாட்டுக்கு “பச்சை” என்றது.

“பச்சை,” என்றாள் புஷ்பம் சமையலறையிலிருந்து.

கையில் சிவப்புக் கட்டை. உள்ளே குக்கர் மூடியைத் தேய்க்கிற சத்தம் ஒரு கணம்கூட நிற்கவில்லை. கல்யாணமான புதிதில் என்ன வேலை பார்க்கிறீர்கள் என்று கேட்டவளுக்கு இந்தச் சொல்கிற பழக்கத்தை விளக்கினார், அவள் விளையாட்டாகத் திருப்பிச் சொல்ல ஆரம்பித்தாள், விளையாட்டு போய்ப் பழக்கம் மட்டும் மிஞ்சிவிட்டது. பைக்கில் போகும்போது நாற்சந்தியில் அவர் பச்சை என்பார், பின்னால் ஜவுளிக்கடை பொம்மையைப் பார்த்துக்கொண்டே அவளும் பச்சை என்பாள். அதில் ஒரு பிரியம் இருக்கிறது என்றுதான் இத்தனை வருஷம் நினைத்திருந்தார், இருக்கத்தான் இருக்கிறது. ஆனால் தான் சொன்னதை இதுவரை யாராவது ஒருவர், ஒரே ஒருவர், திரும்பிப் பார்த்துவிட்டுச் சொல்லியிருக்கிறார்களா. கோமதி பார்த்திருப்பாள். அந்தப் பெண் பார்க்கிறவள்தான், வெளுத்து வாங்குகிற மழையில்கூடக் கழுத்தை ஜன்னலுக்கு வெளியே நீட்டிப் பார்க்கிறவள். அன்று ஏன் பார்க்கவில்லை. டம்ளர். ஆவி. மூன்று வாரமாக அந்த இடத்தில் தட்டித் தட்டித் திரும்பிக்கொண்டிருந்த மனம் இப்போது களைத்துப்போய் அதைத் தாண்டிவிட்டது. அவள் பார்க்கவில்லை, ஏனென்றால் அவள் காப்பி ஊற்றிக்கொண்டிருந்தாள். ஊற்றிக்கொண்டிருந்தாள், ஏனென்றால் ஹோம் சிக்னல் தாண்டியதும் அவர் கேட்டார். “காப்பி இருக்காம்மா?” ஸ்டேஷனுக்குள் நுழையும்போது கேட்கக் கூடாது, கேட்டார். இரண்டு கைக்கும் வேலை கொடுத்துவிட்டு, கண்ணுக்கும் வேலை கொடுத்துவிட்டு, ஸ்டார்ட்டர் பச்சை என்று சொன்னார். பிரேக் போட்டபோது காப்பி முழுவதும் அவள் கையில்தான் கொட்டியது. விசாரணை அன்று புறங்கையில் துப்பட்டாவைச் சுற்றிக்கொண்டு நின்றாள், யாரும் கேட்கவில்லை, அவரும் கேட்கவில்லை. அவருக்கு வெட்கமாக இருந்தது. மேஜையைப் பிடித்துக்கொள்கிற அளவுக்கு வெட்கமாக இருந்தது.

போகியைத் திருப்பி மாட்டினார். கம்பியைப் பேட்டரிப் பெட்டிக்குப் பக்கத்தில் மடித்து நுழைத்தார், சிவப்பு விளக்கை அதன் இடத்தில் அமுக்கினார், எஞ்சினைத் தண்டவாளத்தில் வைத்து ஒவ்வொரு சக்கரமாகப் பார்த்தார். ஒரு புள்ளி திருகியதும் எஞ்சின் சிணுங்காமல் கிளம்பியது. பாதை முழுக்க வளைவுதான், நேர்ப்பாதை என்று ஒன்று இல்லை, ஊறுகாய் பாட்டிலைச் சுற்றிக்கொண்டு வந்தது, நடுச்சக்கரம் எதையும் தொடாமல் கூடவே வந்தது. பதினொரு மாத உழைப்பு ஓடுகிறது, பெரிதாக ஒன்றும் தோன்றவில்லை. அதை ஓடவிட்டுவிட்டே போனை எடுத்தார். மணி இரண்டு ஐம்பத்தைந்து. இரண்டாவது மணியிலேயே கோமதி எடுத்தாள். “சொல்லுங்க சார்.” கை எப்படி இருக்கிறது என்று கேட்டார். ஆறிப்போச்சு சார், தழும்பு மட்டும் கெடக்கு என்றாள். பிறகு அவர் ஒரே மூச்சில் சொன்னார், நிறுத்தினால் சொல்ல முடியாது என்று தெரிந்ததால். “இங்க பாரு கோமதி. நீ பார்த்துட்டு சிவப்புன்னுதான் சொன்ன. நான் காதுல வாங்கல. அப்படித்தான் நான் எழுதப்போறேன். நீயும் அப்படியே எழுதிக் குடு.” சொல்லிவிட்டுக் காத்திருந்தார். எஞ்சின் ஒரு சுற்று வந்தது. அவள் ‘சரி சார்’ என்பாள், அவர் வார்த்தையையே திருப்பிச் சொல்லுவாள், அதற்காகத்தான் காது காத்திருந்தது. எஞ்சின் இன்னொரு சுற்று வந்தது.

“இல்ல சார்,” என்றாள் கோமதி. “நா பாக்கல. நீங்க சொன்னீக, நா பாக்காமலே திருப்பிச் சொன்னேன். அதத்தான் எழுதிருக்கேன்.”

“எழுதிட்டியா?”

“காலைலயே போய்க் குடுத்துட்டு வந்துட்டேன் சார். உங்களுக்கு அன்னைக்கு அப்படி மெசேஜ் போட்டதுக்கு அப்புறம் ரெண்டு நாளா ஒறக்கமே வரல. பரமசிவம் சாரு கோவிச்சுக்கிடுவாரு. நீங்களும் கோவிச்சாலும் பரவால்ல சார். காப்பி விஷயம் எழுதல. அது எதுக்கு.”

அப்படியானால் இரண்டு பத்திலிருந்து இவர் மூன்று லைனுக்கு நடுவில் நின்றுகொண்டிருந்ததெல்லாம் வீண், இன்று காலையிலேயே வண்டி போய்விட்டிருந்தது. அவரைக் கேட்காமல். தியாகம் செய்கிற எண்ணத்தில் கொஞ்சம் பெருமையும் கலந்திருந்ததா, இருந்தது, அது இறங்கிப் போவது தெரிந்தது. கோபம் வருகிறதா என்று உள்ளே பார்த்தார், வரவில்லை. முதல் தடவையாக ஒருத்தி அவர் சொன்னதைத் திருப்பிச் சொல்லவில்லை. “சரிம்மா, கைக்குத் தேங்காயெண்ணெய் போடு,” என்று சொல்லிப் போனை வைத்தார். எஞ்சினை நிறுத்தினார். நீலக் கட்டை டப்பாவைத் தள்ளிவிட்டுத் தாளை எடுத்தார், டப்பா வைத்த வட்டம் தாளில் பதிந்திருந்தது, பரவாயில்லை. எழுத ஆரம்பித்தால் கை தன்பாட்டுக்குப் போனது. ஹோம் சிக்னல் மஞ்சள் என்று பார்த்துச் சொன்னேன். அதன் பிறகு ஸ்டேஷனுக்குள் அசிஸ்டென்டிடம் காப்பி கேட்டேன், அவர் ஊற்றிக்கொண்டிருந்தார். ஸ்டார்ட்டர் சிக்னலைப் பார்ப்பதற்கு முன்பே பச்சை என்று சொன்னவன் நான். இவ்வளவும் எழுதியபின் பேனா நின்றது. இந்த மூன்று வாரத்தில் எத்தனை பேரிடமோ எப்படி எப்படியோ பேசியிருக்கிறார், அந்த ஒரு சொல்லை மட்டும் சிக்னலுக்குச் சொல்கிற மாதிரி இதுவரை சொல்லவில்லை. எழுதப்போவதைச் சத்தமாகச் சொல்லிப் பார்த்தார், கை தானாக நீண்டது.

“ஸ்டார்ட்டர் சிவப்பு.”

சமையலறையில் தேய்க்கிற சத்தம் நின்றது. அவர் காத்திருந்தார். திருப்பிச் சொல்கிற குரல் வரவில்லை. செருப்பில்லாத கால்கள் நடந்து வருகிற சத்தம் வந்தது, பிறகு ஈரக்கையை முந்தானையில் துடைத்துக்கொண்டே புஷ்பம் வாசலில் வந்து நின்றாள், மேஜையையும் தாளையும் நீட்டிய கையையும் மாறி மாறிப் பார்த்தாள்.

“எங்க?” என்று கேட்டாள்.